அளவு எடுத்துப் போனவர்கள்

இந்தக் காலத்தில் எவனும் வாங்குவதற்காக விலை கேட்பதில்லை. கேட்டு வைக்கிறான். பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்பான், தூக்கிப் பார்ப்பான், விலை கேட்பான், கடைக்காரன் அதைத் தராசில் ஏற்றுவதற்குள் நாலு கடை தள்ளி நின்று வெள்ளரிக்காயை நகத்தால் கீறிக்கொண்டிருப்பான். என்னப்பா என்றால், சும்மா கேட்டேன் என்பான். சும்மா கேட்க ஒரு வாய், சும்மா தடவ ஒரு கை. செருப்புக் கடையில் காலை நுழைத்துப் பார்த்துக் கழற்றிப் போட்டுவிட்டு வருகிறவனையாவது விட்டுவிடலாம். இப்போது வீட்டையே நுழைத்துப் பார்க்கிறார்கள். அறை அறையாக நடந்து, அலமாரியைத் திறந்து மூடி, குழாயைத் திருகி, கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, கடைசியில் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த வீட்டுக்குள் ஒரு மனுஷி இருக்கிறாள் என்பது யாருக்கும் நினைப்பில் வராது.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்கு நடந்தது அதுதான்.

எங்கள் தெரு மேட்டுத் தெரு. பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஏறி வந்தால் பாதியிலேயே மூச்சு வாங்கும். மழை பெய்தால் தெருவே வாய்க்கால். உச்சியில் கடைசி இரண்டு வீடு எங்களுடையது, நடுவில் பொதுச்சுவர் ஒன்று. சுவருக்கு இந்தப் பக்கம் என் கட்டில், அந்தப் பக்கம் அவள் தையல் மெஷின். காலையில் அது ஓட ஆரம்பித்த பிறகுதான் நான் எழுந்திருப்பேன். நீளமாக ஓடினால் திரைச்சீலை. விட்டு விட்டு ஓடினால் சட்டைக் காலர். படுத்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது. என் வீட்டுக்காரியும் அப்படியே. அவளுக்கு ஒரே மகன், தூரத்து ஊரில் பெண்டாட்டி பிள்ளையோடு ஒற்றை அறையில் இருக்கிறான். போனில் பேசும்போதெல்லாம் இங்கே வந்துவிடு அம்மா என்பான். எங்கேடா படுக்கிறது என்று இவள் கேட்டால் சிரிப்பான். அதோடு பேச்சு முடியும்.

முதலில் அவளுக்கு முட்டி போயிற்று. பிறகு வாடிக்கைக்காரர்கள் போனார்கள். ஒரு பாவாடைக்கு நாடா வைக்க இவ்வளவு மேடு யார் ஏறுவார்கள்? கீழே கடையில் தைத்தே தொங்குகிறது. சில நாள் நான் பொத்தான் அறுந்துவிட்டதென்று போய் நின்றால்தான் அவள் வாய் திறந்து ஒரு மனிதரிடம் பேசுவாள். பொத்தான் தானாக அறுந்ததா என்று ஒருமுறை கேட்டாள். தானாகத்தான் அறுந்தது.

கீழே பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவர் இருந்தார். கண் மங்கிவிட்டது, கடையை விற்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு கடை, பின்னால் படுக்க ஒரு அறை. மேடு இல்லை, படி இல்லை. கதவைத் திறந்தால் ஜனம். தையல்காரம்மா போய்ப் பார்த்தாள். மெஷின் வைக்கிற இடத்தைக் கையால் முழம் போட்டுப் பார்த்தாள். கடிகாரக்காரர், நீங்க எடுத்துக்குங்கம்மா, உங்களுக்குத்தான், வீட்டை வித்துட்டு வாங்க என்று சொல்லிவிட்டார். வந்து என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற கூட்டம் முழுக்கத் தன்னிடம் துணி தைக்க வந்ததுபோல இருந்தது.

ஆக, மேலே இருக்கிற வீடு விலை போனால்தான் கீழே இருக்கிற அறை. விஷயம் அவ்வளவுதான்.

வீட்டை விற்றுத் தர ஒரு புரோக்கர் வந்தான். இடுப்பில் ஊரார் வீட்டுச் சாவியெல்லாம் தொங்கும். சாவிக்கொத்து என்று பெயர் வைத்தேன், அது ஒட்டிக்கொண்டது. எனக்கு அவனைப் பிடிக்காது. சிரிக்கும்போது அவன் கண் கூரையைப் பார்க்கும், ஓடு எத்தனை உடைந்திருக்கிறது என்று. என்னைப் பெரியவரே என்பான், அவளை அக்கா என்பான். அக்காவாம்.

அவன் கூட்டி வந்தவர்களில் ஒரு ஜோடி. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருந்தார்கள். பையன் இரும்பு டேப் ஒன்று வைத்திருந்தான், பெட்டிக்குள் சர்ரென்று சுருளுமே, அது. அந்தப் பெண் ஒரு முனையைப் பிடிக்க, அவன் மறுமுனையை இழுத்துக்கொண்டு ஓட, கூடத்தை அளந்தார்கள், படுக்கை அறையை அளந்தார்கள், ஜன்னலை அளந்தார்கள். கட்டில் இங்கே, பீரோ அங்கே என்று சுவரோடு பேசினார்கள். தையல்காரம்மா கதவோரம் நின்று டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்களைக்கும் தையல் அறைக்கும் நடுவில் இருந்த சுவரை அந்தப் பெண் உள்ளங்கையால் தட்டினாள்.

"இந்தச் சுவர் மட்டும் இல்லைன்னா எவ்வளவு வெளிச்சமா இருக்கும், இல்ல ஆன்ட்டி?"

ஆன்ட்டியும் ஆமாம் என்றாள்.

அடுத்த நாள் சாவிக்கொத்து வந்து, அவர்கள் ஒரு விலை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றான். இவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவில்லை. சரி என்று சொல்லச் சொன்னாள். அவன் போனில் சொன்னான். அந்தப் பக்கம் அந்தப் பெண் சந்தோஷத்தில் கத்தியது எனக்கே கேட்டது. பிறகு அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி ஆரம்பித்தான்.

"அக்கா, அவங்க இந்த விலைக்கு வாங்குறோம்னு கேட்டிருக்காங்க. நீங்க சரின்னிருக்கீங்க. இப்போதைக்கு அவ்வளவுதான். வக்கீல் ஒப்பந்தம் எழுதி, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டாத்தான் வீடு வித்த மாதிரி. அதுவரைக்கும் இது பேச்சு. பேச்சை யாரும் திருப்பி எடுத்துக்கலாம், அவங்களும் எடுத்துக்கலாம், நீங்களும் எடுத்துக்கலாம். கையெழுத்தாகிற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு ஆணியைக்கூடப் பிடுங்காதீங்க."

நான் கேட்டேன், கேட்டதும் ஒருத்தர், சரின்னதும் ஒருத்தர், அப்புறம் நடுவுல என்னப்பா பேச்சு என்று. அப்படித்தான் பெரியவரே, விலை கேட்டதுக்குப் பேரு கேட்பு, அது வேற, ஒப்பந்தம் வேற என்றான். எனக்கு அப்போதே பொறி தட்டியது. இவன் பையில் வேறு ஒரு ஆள் வைத்திருக்கிறான், கூட விலை கொடுக்கிறவன், அதனால்தான் இந்த ஜோடியைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைக்கிறான் என்று தோன்றியது. தையல்காரம்மாவிடம் அப்படியே சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

இரண்டொரு நாள் கழித்து அவள் என் வாசலில் வந்து நின்றாள். கையில் அந்த இரும்பு டேப்.

"அண்ணே, அந்தச் சுவரை எடுத்துடலாமா?"

"எதை?"

"அந்தப் பொண்ணு சொன்னாளே, அது."

"வந்து அவங்களே எடுத்துக்கட்டும்."

"புதுசாக் குடி வர்றவங்க தூசியிலயா வந்து இறங்குவாங்க? சட்டையைக் கொடுத்துட்டுப் பொத்தானை நீங்களே வச்சுக்குங்கன்னு நான் சொல்றேனா?"

"ஆணியப் பிடுங்காதேன்னானே உன் தம்பி."

"அளவு எடுத்துட்டாங்கண்ணே. டேப்பையும் இங்கயே வச்சுட்டுப் போயிருக்காங்க. திரும்பி வராதவங்க வச்சுட்டுப் போவாங்களா?"

அவள் தொழில் அப்படி. அளவு கொடுத்தால் துணி வெட்டியாயிற்று என்று அர்த்தம். அளவு கொடுத்துவிட்டு வராமல் போனவன் அவள் அனுபவத்தில் கிடையாது. ஒருவர் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு அந்த வாரமே செத்துப் போனார். மகன் வந்து வாங்கிப் போய் அவருக்கே போட்டுவிட்டான். அவ்வளவு சரியாக இருந்ததாம். அவர் உயிரோடு இருந்திருந்தால் கை நீளம் என்று ஏதாவது குறை சொல்லியிருப்பார் என்பாள்.

நான் கேட்டதெல்லாம், அந்தப் புரோக்கர் பேச்சுக்காக நல்ல ஜோடியை விடப் போகிறாயா என்றுதான். உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தச் சுவர் நான் கட்டியது, கொத்து வேலைதான் என் தொழில். அவள் வீட்டுக்காரர் இருக்கும்போது, அடுக்களைப் புகை ஊரார் துணியில் ஏறக்கூடாதென்று அவர் கேட்டார், ஒரு வாரத்தில் எழுப்பிக் கொடுத்தேன். அரைச்செங்கல் சுவர், மேலே பாரம் கிடையாது. இருந்தாலும் கட்டினவனுக்கு உடைக்க எளிதில்லை. எங்கே கலவை நன்றாகப் பிடித்திருக்கிறது என்று கைக்குத் தெரியும், கை அங்கே போகாது. உச்சி வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாக இறக்கினேன். பூச்சு உதிர்ந்து அடுக்களை முழுவதும் மாவு மில் மாதிரி ஆயிற்று. மெஷினுக்குப் பழைய போர்வையைப் போர்த்தியிருந்தாள். கல்லை அவளே கீழே வாங்கிப் பின்பக்கத்து முற்றத்தில் குந்தி உட்கார்ந்து, மொக்கைக் கத்தரிக்கோலின் பிடியால் ஒட்டிய காரையைத் தட்டித் தட்டி எடுத்தாள். எதற்கு என்றேன். அவங்க வீடு, அவங்க கல், நல்லாக் கொடுக்கணும் இல்லையா என்றாள். மதியம் ரொட்டியும் முட்டையும் வெங்காயமும் போட்டு வதக்கிக் கொடுத்தாள். எல்லாவற்றிலும் செங்கல் ருசி. பல்லில் நறநறவென்றது. அண்ணன் கைப்பக்குவம் என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

சாயங்காலம் சுவர் இருந்த இடத்தில் தரையில் ஒரு தழும்பு மட்டும் இருந்தது. அந்தப் பெண் சொன்னது பொய்யில்லை, வெளிச்சம் வந்தது. வந்து அங்கே யாரும் இல்லை என்று காட்டியது. ஒற்றை ஆள் இருக்கிற வீட்டில் ஒரு சுவர் குறைந்தால் ஆளும் கொஞ்சம் குறைந்த மாதிரி ஆகிவிடுகிறது. அவள் அடுப்புக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்று, இவ்வளவு பெரிய வீட்டிலயா இருந்தேன் என்றாள்.

அதற்கப்புறம் அவள் நிற்கவில்லை. வெட்டாமல் இருந்த துணிகளை அவரவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, இனி பஸ் நிற்கிற இடத்துக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். முட்டி வலியோடு தெருத் தெருவாக நடந்தாள். வேண்டாத சாமானை வேண்டியவர்களுக்குக் கொடுத்தாள். எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது, ஒரு கால் குட்டை. மெஷினின் தலையைக் கழற்றிப் பழைய திரைச்சீலையில் பொதிந்து கட்டினாள்.

அன்றிலிருந்து என் சுவர் பேசவில்லை. காலையில் எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல் படுத்திருந்தேன். மழைக்காலம் வந்தால் உடம்பு அப்படித்தான் இருக்கும்.

மழை விட்டிருந்த ஒரு காலைப்பொழுதில் சாவிக்கொத்து மேடு ஏறி வந்தான். சாவிச் சத்தம் வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டது. உள்ளே வந்தவன் அடுக்களையைப் பார்த்தான், தையல் அறையைப் பார்த்தான், நடுவில் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். டீ வேண்டாம் என்றான். டீ வேண்டாம் என்கிற புரோக்கரை நான் அன்றுதான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். அந்தப் பையனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். போகாவிட்டால் வேலை இல்லை. கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வருத்தம் தெரிவிக்கச் சொன்னார்களாம்.

தையல்காரம்மா சத்தம் போடவில்லை. அளவு எடுத்துட்டுப் போனாங்களே தம்பி என்றாள். அதையே இன்னொரு தடவையும் சொன்னாள். நான் விடவில்லை. வக்கீலிடம் போவோம், அவர்கள் எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறதே என்றேன். அந்தத் தாளில் இருந்ததே இந்த விலைக்கு வாங்க விரும்புகிறோம் என்பதுதான், விரும்பினார்கள், இப்போது விரும்பவில்லை என்று அவன் நிதானமாகச் சொன்னான். ஒப்பந்தம் ஆகியிருந்தால் இழுத்துப் பிடித்திருக்கலாம். விரும்பினதற்காக யாரையும் பிடிக்க முடியாது என்றான். ஆணியைப் பிடுங்காதீர்கள் என்று சொன்னேனே என்று அவன் அப்போது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். சொல்லவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வந்தாள். டேப்பை வாங்கிப் போக. கணவன் அலுவலக டேப்பாம், திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். பாவம், கண் வீங்கியிருந்தது, அவளுக்கும் அந்த வீடு மேல் ஆசை இருந்திருக்கும். தையல்காரம்மா ஒரு பலகையில் உட்கார வைத்தாள், நாற்காலி என்னிடம் இருந்தது. மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி என்று அவள் ஏதோ ஆரம்பித்தவள், நிமிர்ந்து பார்த்து நிறுத்திவிட்டாள்.

"இங்க ஒரு சுவர் இருந்துச்சு இல்ல?"

"ஆமாம்மா."

"ஏன் இடிச்சீங்க?"

தையல்காரம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "நீதானம்மா சொன்னே, இல்லைன்னா வெளிச்சமா இருக்கும்னு."

"அது..." அந்தப் பெண் எழுந்துவிட்டாள். "நான் சும்மா சொன்னேன் ஆன்ட்டி."

சும்மா. அந்த வார்த்தையை நான் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டேன். உள்ளே போய் நாலு கேட்கலாம் என்று செருப்பைக்கூடக் கழற்றினேன். அதற்குள் தையல்காரம்மா, பரவாயில்லைம்மா, நிஜமாவே வெளிச்சமாத்தான் இருக்கு என்று சொல்லி டேப்பை அவள் கையில் கொடுத்துவிட்டாள். துணியால் தூசி தட்டி, துடைத்து வைத்திருந்தாள். அந்தப் பெண் மேட்டில் இறங்கிப் போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

அப்புறம்தான் கீழே இருக்கிற அறையின் பிரச்சினை வந்தது. வீடு விற்காமல் அறையை எப்படி வாங்குவது? கடிகாரக்காரரிடம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியாயிற்றே. சாவிக்கொத்து அதற்கும் வழி சொன்னான், ரொம்ப ஆறுதலாக. நீங்களும் சொன்னதுதானே அக்கா, கையெழுத்து எதுவும் போடலையே, முடியலைன்னு சொல்லிட்டு வந்துடுங்க, உங்களை யாரும் ஒண்ணும் கேட்க முடியாது. அந்த ஜோடிக்கு என்ன சட்டமோ அதே சட்டம்தான் உங்களுக்கும்.

அவள் இரண்டு மூன்று நாள் அதையே மென்றுகொண்டிருந்தாள். எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்யறதா என்று என்னிடம் கேட்டாள். பாவம், கண் மங்கினவர், இவள் வருவாள் என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டியிருப்பார். சுவரில் மாட்டின கடிகாரத்தையெல்லாம் கழற்றியிருப்பார். அந்தக் கடையில் எல்லாக் கடிகாரமும் ஒவ்வொரு மணி காட்டும், அவை இல்லாமல் அந்த மனிதர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்றாள். போகாமல் இருந்துவிடலாமா என்றாள். சொல்லாமல் இருப்பது அதைவிடப் பாவம் என்று அவளே சொன்னாள். கடைசியில் நீங்களும் கூட வாங்கண்ணே என்றாள்.

தூறல். ஒரு குடையில் இரண்டு பேர் இறங்கினோம். மேட்டுத் தெரு ஈரத்தில் வழுக்கும். அவள் என் தோளைப் பிடிக்கவில்லை, குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஐயா, உங்களுக்கு ஒரு சொல் கொடுத்தேன் என்று ஆரம்பித்தாள். அது சரியில்லை என்று, ஐயா, உங்களை நம்ப வச்சுட்டேன் என்றாள். அதுவும் சரியில்லை. அறுந்த இடத்தைத் தைத்துப் பிரித்துத் தைத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. பேசாம வாம்மா, வாயில வர்றதைச் சொல்லு என்றேன்.

கடையில் கடிகாரம் எதுவும் கழற்றப்படவில்லை. கடிகாரக்காரர் ஒற்றைக் கண்ணில் கண்ணாடிக் குழலை மாட்டிக்கொண்டு ஏதோ ஒன்றைக் குத்திக்கொண்டிருந்தார். குழலை எடுத்துவிட்டு, யாரு என்று எங்கள் பக்கம் பார்த்தார். அவள் குரலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"வாங்கம்மா. நானே ஆள் அனுப்பணும்னுதான் இருந்தேன்."

அவள் பேச வாயைத் திறந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"போன வாரம் செல்போன் கடைக்காரங்க வந்தாங்க. கையில தயாரா ஒப்பந்தத்தோட வந்தாங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்க வாங்குறேன்னு சொன்னீங்க, இல்லைங்கல. அவங்க கையெழுத்துப் போட்டாங்க. என் நிலைமை உங்களுக்குத் தெரியும்."

கடைக்குள் எல்லாக் கடிகாரமும் ஓடுகிற சத்தம் கேட்டது. தையல்காரம்மா குடையை மடக்கினாள், விரித்தாள். வழியெல்லாம் தைத்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்றும் தேவைப்படவில்லை.

"நல்லதாப் போச்சுங்கய்யா," என்றாள். "நானும் அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவருக்குப் பெரிய பாரம் இறங்கியது. சிரித்தார், டீ சொல்லட்டுமா என்றார். இவளும் சிரித்தாள். எனக்கு மட்டும்தான் அங்கே சிரிப்பு வரவில்லை. உமக்கு இந்தம்மா வீட்டையே இடித்துக்கொண்டு நிற்கிறது தெரியுமா என்று கேட்டிருப்பேன். அவள் குடையால் என் முழங்கையை இடித்தாள்.

திரும்பி ஏறும்போது அடிக்கடி நின்றாள். முட்டியா என்றேன். இல்லை என்றாள். பாதி மேட்டில் நின்று கீழே பார்த்தாள். பஸ் ஒன்று வந்து ஜனத்தை இறக்கிவிட்டுப் போனது.

"யாருமே தப்புப் பண்ணலை, இல்லண்ணே?"

ஆளாளுக்குத் தப்புப் பண்ணியிருக்கிறார்கள் என்பது என் கட்சி. தப்புக்கு இடம் வைத்து அழகாகப் பெயர் சூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மெஷின் தலையை அவள் மறுபடி பொருத்தவில்லை. தைக்கவும் எதுவும் இல்லை, துணியை எல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று. ராத்திரி அடுக்களையில் விளக்கு எரிந்தால் தையல் அறையும் சேர்ந்து எரிந்தது, முற்றத்துக்கு வந்தால் எனக்குத் தெரியும். நடுவில் ஒரு கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பாள். முற்றத்துச் செங்கல் அடுக்கின் மேல் பாயைப் போட்டு மூடியிருந்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயம் சாவிக்கொத்து இன்னொருவரைக் கூட்டி வந்தான். ஓய்வு பெற்ற மனிதர், வாய் பேசாத ஆள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றினார். எதையும் தொடவில்லை, அளக்கவில்லை. அடுக்களையிலிருந்து தையல் அறையைப் பார்த்தபடி நின்று யோசித்தார். பிறகு, இங்கே ஒரு சுவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

நான் தையல்காரம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சாவிக்கொத்தைப் பார்த்தாள்.

"அதை ஒப்பந்தத்துல எழுதச் சொல்லுங்க தம்பி. சுவர் கட்டிக் கொடுக்கணும்னா, கட்டிக் கொடுக்கணும்னு எழுதட்டும். கையெழுத்தான பிறகு கட்டுறேன்."

அந்தக் குரல் எனக்குப் புதிது. சாவிக்கொத்துகூடக் கூரையைப் பார்க்காமல் அவளையே பார்த்தான்.

எல்லாம் சீக்கிரம் நடந்தது. வக்கீல் எழுதினார், இரண்டு பக்கமும் கையெழுத்தாயிற்று. அவளுக்கும் கீழே ஓர் இடம் கிடைத்தது, சலவைக் கடைக்குப் பின்னால், வாடகைக்கு. ஜன்னல் கிடையாது, கதவைத் திறந்தால் ஜனமும் கிடையாது, சலவைக் கடைக்காரனின் நீராவிதான். அதற்கும் ஒப்பந்தம் போட்டிருந்தாள்.

சுவருக்கு என்னைக் கூப்பிட்டாள். போனேன். சாவிக்கொத்தும் இருந்தான். முற்றத்தில் பாயை எடுத்துவிட்டுக் கல்லை ஒன்றிரண்டு தட்டிப் பார்த்தேன், நனையவில்லை, கணீரென்றது. அவள் தேய்த்து வைத்த நேர்த்திக்குப் புதுக்கல் தோற்றுவிடும். கரணையைக் கையிலேயே கொண்டு போயிருந்தேன், மணல் எவ்வளவு வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக் காலையில் ஆரம்பிக்கிறேன், ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்றேன்.

அவள் தயங்கினாள். பிறகு ஒரு தாளை நீட்டினாள்.

"இதுல எழுதிக் கொடுத்துடுங்கண்ணே. இன்ன தேதிக்குள்ள முடிச்சுத் தர்றேன்னு."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தாளை நீட்டிய கை அப்படியே இருந்தது.

"எங்கிட்டயா?"

"உங்களை நம்பாம இல்லண்ணே. அந்தத் தேதிக்குள்ள சுவர் நிக்கலைன்னா அவங்க என்னைக் கேப்பாங்க. எழுதியிருக்கு."

"இந்தச் சுவரை நான் முதல்ல கட்டினப்போ உன் வீட்டுக்காரர் எங்கிட்ட என்ன எழுதி வாங்கினார்?"

அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். சாவிக்கொத்து நடுவில் வந்தான். கெட்டவன் இல்லை, மெதுவாகத்தான் சொன்னான். தப்பா நினைக்காதீங்க பெரியவரே, சொல்றது வேற, ஒப்பந்தம் வேற, நாளைக்கு உங்களுக்கே உடம்புக்கு ஒண்ணுன்னா அக்கா என்ன பண்ணுவாங்க என்றான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியே கொடுத்தான்.

"கேட்கிறதுக்கு ஒரு பேர் வச்சிருக்கே, கையெழுத்துக்கு ஒரு பேர் வச்சிருக்கே," என்றேன். "ஒரு ஆள் இன்னொரு ஆள் முகத்தைப் பார்த்துச் சரின்னு சொல்றானே, அதுக்கு என்னப்பா பேரு?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். பேனா கையில் திறந்தபடி இருந்தது.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், கோணலாக வரும். அதற்காக இல்லை. தாளை வாங்காமல் முற்றத்துக்கு வந்தேன். கரணையைச் செங்கல் அடுக்கின் மேல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். கொத்தனார் எவனும் கரணையை அடுத்தவர் வீட்டில் வைத்துவிட்டு வரமாட்டான், பெண்டாட்டியிடம்கூடக் கொடுக்கமாட்டான். நாளைக் காலையில் வருகிறவன் மட்டும்தான் வைப்பான்.

அவள் வாசல் வரை வந்து அண்ணே என்று கூப்பிட்டாள். கரணையை விட்டுட்டுப் போறீங்களே என்று சொன்னாளா, இல்லை இதையும் நம்பறதா என்று கேட்டாளா, முழுதாகக் காதில் விழவில்லை. நான் திரும்பவில்லை. வெறுங்கையை வீசிக்கொண்டு மேட்டில் இறங்கி நடந்தேன். மணல் விற்கிறவனிடம் சொல்ல வேண்டும். அவனும் என்னிடம் எழுதி வாங்குவானோ என்னவோ.